கொழுப்பும் தசையும்

சாப்பாட்டைப் பற்றிச் சிரத்தையோடு பேசுகிறவனைச் 'சாப்பாட்டு ராமன்' என்று பரிகசித்து ஒதுக்கிவிடுவது நம்மவர் சுபாவம். மாமிச உணவைப் பற்றி எழுதப் புகுந்தவனுக்கோ அந்தப் பரிகாசத்தோடு சில முகச்சுளிப்புகளும் சேர்ந்தே கிடைக்கும். இருந்தும் வாத்தின் நெஞ்சுக்கறி என்னும் ஒரே பதார்த்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நான் துணிந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பிராணி எப்படி வாழ்ந்தது என்பதை அறியாதவனால் அதன் மாமிசத்தைச் செவ்வையாகச் சமைக்க இயலாது என்னும் உண்மையை, பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கு மூலையில், ஒரு குடியானவர் வீட்டு அடுப்படியில் நான் கற்றுக்கொண்டேன். அதைக் கற்பித்த இருவரும் தாயும் மகனும்; சமையல் விஷயத்தில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

நான் புதுச்சேரிக்காரன். என் தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்து உபகாரச் சம்பளம் பெற்றுவந்த சொல்தா. பிரெஞ்சிந்தியப் பகுதிகளை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்று விரும்பியவர்கள் ஆறு மாத காலத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றிருந்த விதியை அனுசரித்து எழுதிக்கொடுத்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அதன் பயனாக, எழுபதுகளின் தொடக்கத்தில், துலூஸ் நகரத்துச் சர்வகலாசாலையில் இலக்கியம் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் மாணவர் விடுதி ஏறக்குறையக் காலியாகிவிடும். குளிருக்குப் பயந்து போர்வைக்குள் ஒடுங்கிக் கிடந்த என்மீது இரக்கங்கொண்ட வகுப்புத் தோழன் ஒருவன், "பாட்டி வீட்டுக்கு வருகிறாயா? அங்கே குளிர் இதைவிட அதிகம், ஆனால் அடுப்பு பெரியது" என்று சொல்லி என்னை அழைத்துப் போனான்.

துலூஸுக்கு மேற்கே கிடக்கும் அந்தப் பிரதேசத்துக்கு இன்றைய பெயர் ஜெர்ஸ் மாவட்டம். சரித்திரப் பெயர் கஸ்கோன் நாடு. அலெக்ஸாந்தர் துய்மாவின் நாவலால் உலகப் பிரசித்தி பெற்ற தார்த்தாஞான் என்னும் வீரன் உண்மையில் பிறந்து வளர்ந்த மண் அது. அலையலையாக எழுந்து தாழும் குன்றுகளும், மக்காச்சோளம் அறுத்து முடித்த வெறும் வயல்களும், ஆர்மஞாக் என்னும் திராட்சைச் சாராயத்துக்காக வளர்க்கப்படும் கொடித்தோட்டங்களும், மேகமில்லாத நாட்களில் தெற்கே அடிவானத்தில் வெண்ணிறமாகத் தோன்றும் பிரனே மலைத்தொடரும் கொண்ட அந்த நாட்டில், எந்தப் பண்ணைக்குள் நுழைந்தாலும் முதலில் வரவேற்பது வாத்துகளின் கூச்சல்தான்.

தோழனின் பாட்டி எழுபதைத் தாண்டியவள். குள்ளம், கறுப்பு உடை, ஓயாத கைகள். நான் அவளைப் புதுச்சேரி வழக்கப்படி 'மதாம்' என்று அழைத்தேன். அவள் என்னைக் 'குழந்தாய்' என்று அழைத்தாள். அவள் மகன், அதாவது தோழனின் தாய்மாமன், மாவட்டத்தின் தலைநகராகிய ஓஷில் ஓர் ஓட்டலின் சமையற்கூடத்தில் வேலை பார்த்தார். வாரத்தில் ஒருநாள் விடுமுறைக்கு வீட்டுக்கு வருவார். வாத்தைப் பற்றிய பழைய சாஸ்திரம் முழுவதும் பாட்டியிடமும், புதிய சாஸ்திரம் முழுவதும் மாமனிடமும் இருந்தன.

பழைய சாஸ்திரத்தை முதலில் சொல்கிறேன். அங்கே குளிர்காலமே வாத்தின் பருவம். இலையுதிர் காலம் வரையில் புல்வெளியில் திரிந்து வளர்ந்த வாத்துகளைப் பிறகு அடைத்துவைத்து, ஏறக்குறைய இரண்டு வாரகாலம் நாளுக்கு இருமுறை, புனல் வைத்த ஒரு குழாயைத் தொண்டைக்குள் செலுத்தி மக்காச்சோளத்தை ஊட்டுவார்கள். அதனால் ஈரல் பல மடங்கு பருத்து, வெளிறிய பொன்னிறம் கொண்டு, வெண்ணெயாக மிருதுவாகிவிடும். 'ஃபுவா கிரா' என்று உலகத்துச் செல்வந்தர்கள் போற்றும் பண்டம் அதுதான். தொலைதூரம் பறந்து வலசை போகும் நீர்ப்பறவைகள், பயணத்துக்கு முன் அளவு மீறி உண்டு உடம்பிலும் ஈரலிலும் கொழுப்பைச் சேமித்துக்கொள்ளும் சுபாவமுடையவை. அந்தச் சுபாவத்தைத்தான் மனிதன் தன் லாபத்துக்காக எல்லை கடந்து இழுத்துவிட்டான்.

இதற்கென வளர்க்கப்படும் வாத்து, நம் ஊரில் மணிலா வாத்து என்று சொல்லும் அமெரிக்க இனத்துச் சேவலும், சாதாரண வீட்டு வாத்தின் பெட்டையும் கூடிப் பிறக்கும் கலப்பினம். அதற்கு 'முலார்' என்று பெயர். தாய்வழி முன்னோர் குளிர்நாட்டுக் காட்டு வாத்துகள். தந்தைவழி முன்னோர் தென் அமெரிக்கச் சதுப்புக் காடுகளில் மரக்கிளையில் அமர்ந்து உறங்கியவை. இவ்விரண்டும் கூடிப் பிறந்ததற்குச் சந்ததி உண்டாகாது. ஆனால் தந்தையின் விசாலமான நெஞ்சும், தாயின் கொழுப்பு சேர்க்கும் குணமும் ஒருங்கே அமைந்துவிடும்.

பாட்டி ஒரு தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, வாத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, கழுத்தை ஒரு கையால் தடவியபடியே ஊட்டுவதை நான் கொட்டில் வாசலில் நின்று பார்த்தேன். என் முகம் போன போக்கைக் கண்டு, "என் கைக்கு நடுங்கும் வாத்துக்கு ஒருநாளும் நல்ல ஈரல் அமையாது, குழந்தாய்" என்றாள் அவள். அவள் கையில் கருணை இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். அந்தக் குழாயில் கருணை இல்லை என்பதையும் மறக்க மாட்டேன். பிற்காலத்தில் இந்தப் பண்டத்தைத் தங்கள் கலாசாரச் சொத்து என்று பிரெஞ்சுக்காரர்கள் 2006-இல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 2014-இல் இந்தியா அதன் இறக்குமதியையே தடை செய்தது. கொட்டில் வாசலில் நின்ற எனக்கு இரண்டு தேசத்தின் மனநிலையும் அந்நியமாகப் படவில்லை.

திங்கட்கிழமைதோறும் சமத்தான் என்னும் சிற்றூரில் கூடும் வாத்துச் சந்தைக்கு அவள் என்னையும் அழைத்துப் போனாள். நீண்ட மேசைகளின்மேல் வெள்ளைத் துணி விரித்து, இறகு நீக்கிய வாத்துகளை நெஞ்சு மேல்நோக்கி வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். ஊதல் ஊதும்வரை விலை பேசக் கூடாது. ஊதியதும் வியாபாரிகள் பாய்ந்து வருவார்கள். அவர்கள் வாத்தைப் புரட்டி, ஈரலைக் கண்ணால் அளந்து, விரலால் அழுத்திப் பார்த்து, அதன்படி விலை சொல்வார்கள். நெஞ்சையோ தொடையையோ ஏறிட்டுப் பார்த்தவர் எவரும் இல்லை. நூற்றாண்டுக் கணக்காக அங்கே நடந்துவந்த பொருளாதாரம் அது: ஈரல் பணத்துக்கு, மற்றதெல்லாம் வீட்டுக்கு.

அந்த 'மற்றதெல்லாம்' வீணாகாமல் வருஷம் முழுவதும் குடும்பத்தைக் காப்பாற்றும் உபாயந்தான் 'கோன்ஃபி'. தொடை, நெஞ்சு, இறக்கை, இரைப்பை எல்லாவற்றையும் கல்லுப்பில் புரட்டி ஓர் இரவு வைப்பாள். மறுநாள் உப்பைத் துடைத்துவிட்டு, அதே வாத்தின் கொழுப்பை உருக்கிய பெரிய செப்புக் கொப்பரையில் இறக்குவாள். கொழுப்பு ஒருபோதும் கொதிக்கக் கூடாது, ஓரிரு குமிழிகள் சோம்பலாக மேலெழுந்தால் போதும். அப்படியே இரண்டு மூன்று மணி நேரம். பின்பு துண்டுகளை மண்ஜாடியில் அடுக்கி, மேலே அந்தக் கொழுப்பையே ஊற்றி மூடிவிட்டால், அது உறைந்து காற்றுப் புகாமல் காக்கும். குளிர்ந்த நிலவறையில் மாதக்கணக்கில் அது கெடாது. வேண்டும்போது ஒரு தொடையை எடுத்து வாணலியில் புரட்டினால், தோல் மொறுமொறுப்பாகி, உள்ளே கறி நார்நாராகப் பிரிந்து கரைந்துவிடும். குளிர்பெட்டி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த மக்கள் கண்டுபிடித்த அறிவு இது.

ஆனால் அந்த ஜாடியிலிருந்து தொடை வருகிற நாளுக்கும் நெஞ்சு வருகிற நாளுக்கும் வித்தியாசம் இருந்தது. தொடை அமிர்தம். நெஞ்சோ, உப்பும் கொழுப்பும் எவ்வளவுதான் ஊறியிருந்தாலும், மெல்ல மெல்ல வாய் அயரும். பாட்டி அதைக் குறையாக நினைத்ததில்லை. முட்டைக்கோசும் வெள்ளை மொச்சையும் இட்டுக் காய்ச்சும் கெட்டிக் குழம்பில் அதைப் போட்டுவிடுவாள். நானும் அதைக் குறையாக நினைக்கவில்லை. எலும்பிலிருந்து தானே கழன்று விழும்வரை வேகாத கறியைக் கறியென்று ஒப்புக்கொள்ளாத வீட்டில் பிறந்தவன் நான். ஆகையால் பாட்டியின் பட்சத்தில் இயல்பாகவே சேர்ந்துவிட்டேன்.

மாமன் வந்த அன்றுதான் மறுபட்சத்தின் வாதத்தைக் கேட்டேன். "தொடை நடக்கிறது, நெஞ்சு பறக்கிறது, இரண்டையும் ஒரே கொப்பரையில் போடுவது என்ன நியாயம், அம்மா?" என்று அவர் ஆரம்பித்தார். "நம் வாத்து எந்தக் காலத்தில் பறந்தது?" என்று பாட்டி கேட்டாள். வாதம் அதோடு நிற்கவில்லை. எங்களை மேசைக்கு அழைத்து, வாத்து ஒன்றைக் கிடத்தி, நெஞ்செலும்பின் முகட்டை ஒட்டிக் கத்தியை இறக்கி, ஒரு பக்கத்து நெஞ்சுக்கறியை அப்படியே வழித்தெடுத்துக் காட்டினார். தோலும் விரல் கனத்துக்கு வெண்ணிறக் கொழுப்பும் மேலே; அடியில் மாட்டிறைச்சியைப் போலவே கருஞ்சிவப்பான தசை.

அந்தப் பெருந்தசைக்கு அடியில், அதைத் தொட்டும் தொடாமலும் நீளவாட்டில் ஒரு சிறு தசை கிடந்தது. அதன் நடுவே ஓடிய வெண்ணிற நரம்பை அவர் விரலால் பிடித்து இழுத்தார். உரித்த வாத்தின் இறக்கை மெல்ல மேலே எழுந்தது. நான் அயர்ந்துபோனேன். மேலே உள்ள பெருந்தசை இறக்கையைக் கீழே அடிப்பதற்கு. அடியில் உள்ள சிறு தசை, தோள்மூட்டின் வழியாகச் சுற்றிச் செல்லும் அந்த நரம்பைக் கொண்டு இறக்கையை மேலே தூக்குவதற்கு. தூக்குகிற இயந்திரத்தையும் அடிக்கிற இயந்திரத்தையும் ஒரே நெஞ்சில், ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்த சிருஷ்டியின் சாமர்த்தியத்தை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு பிரத்தியட்சமாகக் காட்டியதில்லை.

கோழியின் நெஞ்சு ஏன் வெளுப்பாகவும் வாத்தின் நெஞ்சு ஏன் சிவப்பாகவும் இருக்கின்றன என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. கோழி, நாய் துரத்தினால் ஒரு க்ஷணம் எம்பிக் கூரைமேல் போய் உட்காரும். அத்தோடு அதன் பறத்தல் முடிந்தது. அத்தகைய திடீர்ப் பாய்ச்சலுக்கு ஏற்ற தசை வெண்மையானது. காட்டு வாத்தோ மணிக்கணக்கில் இறக்கை ஓயாமல் பறக்கிற ஜாதி. இடைவிடாத உழைப்புக்கு இடைவிடாமல் பிராணவாயு வேண்டும். அதைத் தசைக்குள்ளேயே சேமித்து வழங்கும் மயோகுளோபின் என்னும் சிவந்த புரதந்தான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. வீட்டு வாத்து பறப்பதை மறந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. அதன் நெஞ்சு மறக்கவில்லை. தோலுக்கடியில் உள்ள கொழுப்புக்கும் அப்படியே ஒரு சரித்திரம் உண்டு. குளிர்ந்த நீரில் நாளெல்லாம் மிதக்கிற பறவைக்கு உடல் வெப்பத்தைக் காக்க ஒரு போர்வை அவசியம். அந்தப் போர்வைதான் அது.

சிக்கல் எழுவதும் இங்கேதான். தசையில் உள்ள புரதங்கள் ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உறையத் தொடங்குகின்றன. 55 முதல் 58 வரையில் கறி இளஞ்சிவப்பாக, சாறு நிறைந்து, பல்லுக்கு இணங்கி இருக்கும். 65-ஐத் தாண்டினால் நார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும், நிறம் சாம்பலாகும். தொடையில் இப்படி நேர்ந்தாலும் பாதகமில்லை. அங்கே தசைகளை இணைக்கும் கொலாஜன் என்னும் பொருள் மிகுதி. நெடுநேரச் சூட்டில் அது பசையாக இளகி, வற்றிய நார்களுக்கு மறுபடியும் வழவழப்பைக் கொடுக்கும். நெஞ்சில் அந்தப் பொருள் சொற்பம். ஆகையால் போன சாறு போனதுதான். பாட்டியின் ஜாடியில் தொடை அமிர்தமாகவும் நெஞ்சு சக்கையாகவும் மாறியதன் ரகசியம் இதுவே.

அப்படியானால் நெஞ்சைச் சீக்கிரம் இறக்கிவிடலாமே என்றால், மேலே இருக்கும் கொழுப்பு சம்மதிக்காது. அது தோலின் நாருக்குள் சிறு சிறு அறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. தோலிலோ நீரும் மிகுதி. அந்த நீர் வற்றி, கொழுப்பு உருகி வழிந்து, எஞ்சிய தோல் பொன்னிறமாவதற்கு நெடுநேரச் சூடு வேண்டும். தசைக்கு வேண்டியது குறைந்த நேரம். தோலுக்கு வேண்டியது நிறைந்த நேரம். இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. நெல்லையும் எள்ளையும் ஒரே பாத்தியில் விதைத்துவிட்டு ஒரே மடையால் நீர் பாய்ச்ச வேண்டியவனின் தர்மசங்கடந்தான் வாத்து நெஞ்சைச் சமைப்பவனுக்கும்.

மாமன் அந்தச் சங்கடத்தைத் தீர்த்த விதத்தை நான் அருகிலிருந்து கவனித்தேன். முதலில் தோலைத் துணியால் ஈரம் போக ஒற்றினார். பிறகு கூரான கத்தியால், கொழுப்பு மட்டும் பிளந்து தசையில் முனை படாதவாறு, குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். அடைபட்ட கொழுப்புக்கு வழி திறப்பது ஒரு பயன், சூட்டில் தோல் சுருங்கித் துண்டு வளையாமல் தடுப்பது இன்னொரு பயன். தசை தெரிந்துவிட்டால் சாறு அந்த வழியாகவே கொழுப்பில் கசிந்துவிடும் என்பதனால் அவர் கை அந்த வேலையில் மட்டும் மிக நிதானமாக நடந்தது. தோல் பக்கத்தில் தாராளமாகவும் தசைப் பக்கத்தில் சிக்கனமாகவும் உப்புத் தூவினார்.

அடுத்து அவர் செய்தது எனக்கு விபரீதமாகப் பட்டது. கனமான இரும்பு வாணலியை அடுப்பில் ஏற்றிக் காயவைப்பதற்குப் பதிலாக, குளிர்ந்த வாணலியிலேயே தோல் அடியில் படும்படி துண்டை வைத்து, எண்ணெய் ஒரு துளியும் விடாமல், சிறு தீயில் ஏற்றினார். காய்ந்த வாணலியில் போட்டால் தோல் உடனே கருகி இறுகி, உள்ளே இருக்கும் கொழுப்பைச் சிறை வைத்துவிடும். குளிர்ந்த வாணலியோடு சேர்ந்து தானும் சூடேறினால் கொழுப்பு முதலில் உருகும், தோல் பிறகு சிவக்கும். சில நிமிஷங்களில் வாணலியில் கொழுப்புத் தேங்கலாயிற்று. அவர் தீயைப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தோலில் நீர் இருக்கும்வரை வாணலி படபடவென்று பொரியும். நீர் தீர்ந்ததும் அந்தச் சத்தம் அடங்கி மெல்லிய சீறலாக மாறும். நீர் இருக்கும் இடத்தில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது; நீர் போன பிறகே தோல் சிவந்து மணம் கொடுக்கும். லூயி கமீய் மாயார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1912-இல் விளக்கிய ரசாயன மாற்றம் அந்தச் சிவப்புக்கு ஆதாரம் என்பதை நான் பிற்பாடு படித்தேன். மாமனுக்கு அது காதால் தெரிந்திருந்தது.

இடையிடையே வாணலியைச் சாய்த்து உருகிய கொழுப்பை வெளியே ஊற்ற வேண்டியிருந்தது. அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற பாட்டி, ஒரு பேச்சும் பேசாமல் தன் மண்ஜாடியை எடுத்துவந்து நீட்டினாள். மகனும் பேசாமல் அதில் ஊற்றினார். சமையல் தர்க்கங்கள் எத்தனை இருந்தாலும், வாத்துக் கொழுப்பைச் சிந்துவது அந்த வீட்டில் இருவருக்குமே மகாபாவம். அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து, வில்லை வில்லையாக நறுக்கிய உருளைக்கிழங்கைப் பூண்டோடு வறுக்கும் பொறுப்பைப் பாட்டி ஏற்றுக்கொண்டாள்.

தோல் பக்கம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. கொழுப்பு விரல் கனத்திலிருந்து காகித அட்டை கனத்துக்கு வற்றி, கீறல்கள் பொன்னிறக் கட்டங்களாகத் தெரிந்தன. கொழுப்பே ஒரு திரையாக நின்று தசைக்குச் சூடு போகாமல் இவ்வளவு நேரமும் தடுத்திருந்தது. அப்போது துண்டைப் புரட்டி, தசைப் பக்கத்தை மூன்று நான்கு நிமிஷம் மட்டும் காட்டினார்; விரலால் அழுத்தி, தளதளப்பும் எதிர்ப்பும் சமமாக இருந்த பதத்தில் இறக்கி, வெதுவெதுப்பான தட்டில் தோல் மேலாக வைத்து அப்படியே விட்டுவிட்டார். "இனி இதைத் தொடக் கூடாது" என்றார். சூட்டில் இறுகிய நார்கள் தளர்ந்து சாற்றைத் தமக்குள் வாங்கிக்கொள்ளவும், வெளிப்புறச் சூடு உள்ளே பரவி நடுப்பகுதியை வேகவைக்கவும் அந்த ஓய்வு வேண்டும். பொறுமையற்றவன் உடனே அறுத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். ஓய்வு முடிந்ததும், நாரின் போக்குக்குக் குறுக்கே கத்தியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, சிறு விரல் கனத்தில் துண்டு போட்டார். சில நாட்களில், வாணலியில் ஒட்டியிருந்த சாற்றில் ஆர்மஞாக் விட்டுச் சுண்டவைத்து, உப்புநீரில் ஊறிய பச்சை மிளகை நசுக்கிச் சேர்ப்பதும் உண்டு. மிளகின் வாசனை எழும்போது மட்டும் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கு மறந்துபோகும்.

மேசையில் மகன் வைத்த தட்டைப் பாட்டி ஏறிட்டுப் பார்த்தாள். நடுவில் ரோஜா நிறம். "ஒரு மழை பெய்தால் இது எழுந்து குட்டைக்குப் போய்விடும்" என்று சொல்லி, தன் பங்கை மறுபடியும் வாணலியில் போட்டுச் சாம்பல் நிறம் வரும்வரை வாட்டி எடுத்துக்கொண்டாள். எனக்கு அது பெரிய அனுகூலமாயிற்று. ஒரே வாத்தின் ஒரே நெஞ்சை இரண்டு பதத்திலும் ருசித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் யாருக்கு வாய்க்கும்? பாட்டியின் துண்டில் ஈரலின் கனத்த வாடையும் இரும்பின் சுவையும் முன்னே வந்தன; பல்லுக்கு வேலை அதிகம். மாமனின் துண்டில், இரத்தம் என்று நான் பயந்தது இரத்தமே அல்ல, அந்தச் சிவந்த புரதம் கலந்த சாறு என்பது நாக்கில் பட்டதும் தெரிந்தது. தோல் நொறுங்கிற்று, கொழுப்பு வழிந்தது, தசை இனிமையாக இணங்கிற்று. மூன்றும் ஒரே கவளத்தில், ஒன்றையொன்று கெடுக்காமல் நின்றன.

இந்தப் பதத்தை மாமன் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. ஓஷ் நகரத்தில், தேவாலயத்துக்கு அருகே, ஓட்டல் தெ பிரான்ஸ் என்னும் பழைய ஓட்டலை நடத்திவந்த ஆந்த்ரே தகேன் என்பவர், 1959-ஆம் ஆண்டளவில், கொழுத்த வாத்தின் நெஞ்சை மாட்டிறைச்சித் துண்டைப் போலத் தனியே எடுத்து, உள்ளே சிவக்க வாட்டிப் பரிமாறத் தொடங்கினார் என்று அந்த ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜாடிக்குப் போய்க்கொண்டிருந்த கறி, பாரிஸுக்கும் அப்பால் கடல் கடந்தும் 'மக்ரே' என்னும் பெயரோடு புறப்பட்டது அப்படித்தான். அந்த ஓட்டலின் வாசலில் நின்று உணவுப் பட்டியலின் விலைகளைப் படித்துவிட்டு, மாணவனுக்கேற்ற விவேகத்தோடு நான் திரும்பியிருக்கிறேன். 2019-இல் தகேன் காலமானபோது, பிரெஞ்சுக்காரர்கள் மிகவும் விரும்பும் உணவுகளின் வரிசையில் மக்ரே முன்னணியில் இருந்தது. சந்தையில் ஒருவரும் ஏறிட்டுப் பாராத நெஞ்சுக்கு ஒரு மனிதனின் யோசனை தனி விலையை உண்டாக்கிவிட்டது.

ஆனாலும் மகன் வென்றான், தாய் தோற்றாள் என்று இதை முடித்துவிடுவது நியாயமாகாது. மறுநாள் பாட்டி ஜாடியிலிருந்து தொடைகளை எடுத்து வாட்டி வைத்தபோது, மாமன் மறு பேச்சில்லாமல் இரண்டை வாங்கிக்கொண்டார். அடுத்த முறை வாத்து அறுத்தபோது, பாட்டியே நெஞ்சுகளைத் தனியே எடுத்து ஒதுக்கிவைத்ததையும் கண்டேன். "அவனுக்கு" என்றாள். கொப்பரைக்குள் போனவை தொடைகள் மட்டும். கொழுப்பின் தர்மத்தை அவள் முற்றும் அறிந்திருந்தாள். தசையின் தர்மத்தை அவர் முற்றும் அறிந்திருந்தார். வாணலியில் பன்னிரண்டு நிமிஷம் நடந்ததோ அவள் சாஸ்திரம். கடைசி நான்கு நிமிஷந்தான் அவர் சாஸ்திரம்.

பிற்காலத்தில் நானே பலவகை வாத்துகளைச் சமைத்தபோது, இந்த முறையைக் கண்மூடிப் பின்பற்றினால் பயனில்லை என்பது விளங்கிற்று. மக்ரே என்ற பெயர், ஊட்டிக் கொழுக்கவைத்த வாத்தின் நெஞ்சுக்கே உரியது. ஒரு பக்கம் 350 முதல் 450 கிராம் வரை எடையிருக்கும். ஊட்டி வளர்ப்பதை மனம் ஒப்பாதவர்கள் இயல்பாக வளர்ந்த மணிலா வாத்தின் நெஞ்சை வாங்கலாம். அதில் கொழுப்புக் குறைவு, ஆகையால் தோல் பக்கத்து நேரத்தையும் குறைக்க வேண்டும். சீன வகையைச் சேர்ந்த வெள்ளை வாத்தின் நெஞ்சு சிறியது, மெல்லியது, அசந்தால் வெந்துவிடும். கோழி, வாத்து முதலியவற்றை 74 டிகிரி வரை வேகவைக்கச் சொல்கிறது அமெரிக்க அரசின் சுகாதார விதி. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் சமைக்கிறபோது நான் பாட்டியின் பட்சம்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்பிய பிறகு, "பிரான்சில் சாப்பிட்டீர்களே, அந்த வாத்தைச் செய்து காட்டுங்கள்" என்று கேட்காத உறவினர் இல்லை. சாலையோரத்தில் கூண்டோடு வாத்து விற்கிறவரிடம் போய் நின்றேன். அவர் வைத்திருந்தவை, அறுவடை முடிந்த வயல்களில் ஊர் ஊராக ஓட்டிச் செல்லப்பட்டு, சிதறிய நெல்லையும் நத்தையையும் பொறுக்கித் தின்று, முட்டையிட்டு ஓய்ந்தபின் கறிக்கு வந்தவை. தோலுக்கடியில் தடவிப் பார்த்தால் கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் நாட்டு வெயிலில் அந்தப் போர்வைக்கு என்ன அவசியம்? நடந்து நடந்து முற்றிய உடம்பு. நெஞ்சுங்கூட நார் ஏறி உரம் பெற்றிருந்தது. இதைக் குளிர்ந்த வாணலியில் வைத்து நான்கு நிமிஷம் காட்டி இறக்கினால், பல் இல்லாதவர்கள் மட்டுமல்ல, பல் உள்ளவர்களும் என்னைச் சபிப்பார்கள்.

ஆகவே என் தாயார் செய்ததையே செய்தேன். சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, மிளகும் மல்லியும் சீரகமும் அரைத்துவிட்டு, மண்சட்டியில் சிறு தீயில் மத்தியானம் முழுவதும் வேகவைத்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினேன். எலும்பிலிருந்து கறி தானே கழன்றது. வந்தவர்களுக்குச் சற்று ஏமாற்றம். பிரெஞ்சுச் சமையலை எதிர்பார்த்து வந்தவர்கள் அல்லவா? கழன்று விழும்வரை வேகவேண்டும் என்று எங்கள் வீட்டார் பிடித்த பிடிவாதம், உழைத்து முற்றிய வாத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த ஞானம் என்பதைக் கஸ்கோன் நாட்டுக்குப் போய்வந்த பிறகுதான் என்னால் மரியாதையோடு பார்க்க முடிந்தது.

அந்த வாத்து வியாபாரிக்கு இப்போது என்னை நன்றாகத் தெரியும். வயசென்ன, எந்தப் பக்கத்து வயலில் மேய்ந்தது, முட்டை விட்டு எத்தனை நாளாயிற்று என்று நான் விசாரிக்கத் தொடங்கினால், "கறி வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா ஐயா?" என்று சிரிப்பார். எதற்கு வந்திருந்தாலும் விசாரிக்காமல் முடிவு செய்யக் கூடாது என்று அவருக்குச் சொல்லிவிட்டு, அவர் கொடுக்கும் விடைக்குத் தக்கபடி மண்சட்டியா வாணலியா என்பதை அங்கேயே தீர்மானித்துக்கொண்டு வீட்டுக்கு வருவது என் வழக்கம்.